நோன்புத் தலையிடியும் நடுக்கோடு போட்ட கொப்பியும்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தங்கச்சிமாரே, உங்களுக்கு ஒரு பை தந்திருப்பார்கள். அதற்குள் பிரஷர் பார்க்கும் கருவி, அளவு நாடா, கட்டுக் கட்டாக அட்டைகள். வீடு வீடாகப் போய் வந்ததைப் பதிய ஒரு நாளேடும் தந்திருப்பார்கள். எந்த வீட்டுக்குப் போனீர்கள், யாரைப் பார்த்தீர்கள், என்ன புத்தி சொன்னீர்கள் என்று அதில் எழுதுவீர்கள். மேலே உள்ளவர் வந்து கையெழுத்து வைப்பார். அந்த வீட்டு வாசலில் நின்றபோது உங்கள் தலைக்குள் என்ன ஓடியது என்று எழுத அதில் இடமில்லை. இடம் இருந்தாலும் எழுத மாட்டீர்கள். கையெழுத்து வைப்பவர் படித்துவிடுவாரே.

நான் கல்முனைக்குக் கிட்ட, கடற்கரையை ஒட்டிய ஒரு முஸ்லிம் ஊரில் குடும்பநல உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். உத்தியோகப் பெயர் அது. ஊர் வைத்த பெயர் மிட்வைஃப் மிஸ். ஊசி போடவும் அட்டை நிரப்பவும் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது பயத்தைப் பற்றி. இந்த வேலையில் பயம் இல்லாதவள் ஆபத்தானவள். பயம் மட்டுமே உள்ளவளும் ஆபத்தானவள்தான். ஆனால் அவளுக்கு அது தெரியாது, தான் மிகவும் கவனமானவள் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். நான் பல காலம் அந்த நினைப்பில் இருந்தேன்.

அதன் தொடக்கம் ஒரு மரணம். என் பகுதியில் ஒரு தாய் இறந்தாள். ஆஸ்பத்திரியில், பிள்ளை பிறந்த பிறகு, இரத்தம் நிற்காமல். வழக்கம்போல விசாரணைக் கூட்டம் வைத்தார்கள். என் அட்டைகளையும் நாளேட்டையும் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டுக் குறையில்லை என்றார்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்த டொக்டர் ஒருவர், உங்கள் கையில் ஒன்றும் இருக்கவில்லை என்று தனியாகவும் சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. குறை இருந்திருந்தால் திருத்திக்கொள்ளலாம். ஒரு குறையும் இல்லாமல் ஒரு தாய் போகலாம் என்றால், அடுத்தது எந்த வீடு என்று யாருக்குத் தெரியும்? அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் மறுநாள் வேலைக்குப் போனேன்.

அதற்குப் பிறகு ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு அடுத்த ஒழுங்கைக்குப் போனால் நெஞ்சு இடிக்கத் தொடங்கும். பிரஷரைச் சரியாகப் பார்த்தேனா? அவள் முகம் ஏன் வாடியிருந்தது? ஸ்கூட்டியைத் திருப்புவேன். திரும்பிப் போய், மகள், இன்னொரு தரம் கையை நீட்டுங்க என்பேன். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தால் மறுபடியும் இடிக்கும். போன் எடுப்பேன். எங்கள் வீட்டுக்காரர் பொறுமைசாலி. அவரே ஒருநாள், நம்மட வீட்டுல ரெண்டு பேர் இல்ல, உங்கட புள்ளத்தாச்சிமார் எல்லாரும் குடியிரிக்காங்க என்று சொல்லிவிட்டுத் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு முன் விறாந்தைக்குப் போய்விட்டார்.

ஒரு கலியாண வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மாப்பிள்ளையை அழைத்து வர ஆட்கள் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மணப்பெண்ணின் ராத்தாவுக்கு மாசம் ஏறியிருந்தது. காலையிலிருந்து அடுப்படியில் நின்றதால் கால் வீங்கியிருந்தது, வேறொன்றும் இல்லை. ஆனால் என் தலைக்குள் அந்த இறந்த தாய் வந்து நின்றுவிட்டாள். பட்டுப்புடவையோடும் மருதாணிக் கையோடும் அவளை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே பார்த்துவிட்டு, காலை உயர்த்தி வைத்துப் படுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் வந்து சேர்ந்தபோது சொந்தத் தங்கையின் கலியாணம் முடிந்திருந்தது.

அந்தக் கதை ஊர் முழுக்கப் பரவியது. பிறகு நான் ஒரு புள்ளத்தாச்சியைப் பார்க்கப் போனால், அவ ஊட்டுல இல்ல, மாமி ஊட்ட பெயித்தா மிஸ் என்று கேட்டடியிலேயே பதில் வரும். அவளுடைய செருப்பு வாசற்படியில் கிடக்கும். நான் செருப்பைப் பார்ப்பேன், பதில் சொல்பவரும் நான் செருப்பைப் பார்ப்பதைப் பார்ப்பார். இருவரும் சலாம் சொல்லிப் பிரிவோம். சிரிக்கலாம்தான். ஆனால் இதன் பொருளை நினைத்துப் பாருங்கள். எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு. கலியாணம் கட்டிய பிறகும் அவள் தன் உம்மாவோடும் ராத்தா தங்கச்சிமாரோடும் அந்த வளவிலேயே இருப்பாள். அந்தப் பெண்கள் கூட்டம் உங்களை நம்பினால் எல்லாவற்றையும் சொல்லும். நம்பாவிட்டால் சுவர் எழுப்பிவிடும். என் பயம் தாய்மாரைக் காப்பாற்றவில்லை, என்னிடமிருந்து ஒளிய வைத்தது.

கிளினிக் நாட்களில் பாண்டிருப்பிலிருந்து ஒருத்தி வருவாள். என் வயதுதான், அவளும் மிட்வைஃப்தான். தமிழ் ஆள், முஸ்லிம் இல்லை. நோன்பு மாதத்தில் தன் தேத்தண்ணிப் போத்தலைக் கொண்டுபோய்ப் பின்பக்கம் ஜீப் நிற்கும் இடத்தில் நின்று குடிப்பாள். உள்ளே குடி என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன், கேட்கமாட்டாள். அவள் கையில் எப்போதும் பிள்ளைகளின் பழைய பள்ளிக்கூடக் கொப்பி ஒன்று இருக்கும். எழுதாமல் மிஞ்சிய பக்கங்களில் ஏதோ எழுதுவாள். எப்போதிருந்து எழுதுகிறாள் என்று நான் கேட்டதில்லை. சுனாமிக்குப் பிறகு என்று நினைக்கிறேன். எங்கள் கரையில் பலருக்குப் பல பழக்கங்கள் அதற்குப் பிறகு வந்தவை.

ஒருநாள் நான் பார்த்து முடித்த ஒரு பெண்ணை வரிசையிலிருந்து மறுபடியும் கூப்பிட்டேன். பிறகு மறுபடியும். பாண்டிருப்புக்காரி தன் மேசையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் கலைந்ததும் வந்து பக்கத்தில் இருந்தாள்.

"உனக்குள்ள என்ன ஓடுது கா?"

ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லாததை எழுது, பார்ப்போம் என்று ஒரு கொப்பியைத் தள்ளினாள். நான் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டுச் சிரித்தாள். தாயைப் பரிசோதித்தேன், திருப்தி, மீளாய்வு செய்தேன் என்று நாளேடு மாதிரியே எழுதியிருந்தேன்.

"இது ஒபிஸுக்குக் காட்டுற எழுத்து. உனக்குக் காட்டுற எழுத்து எங்க?"

அவள் சொன்ன முறை இவ்வளவுதான். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போடு. இடப்பக்கம் கண் கண்டதையும் காது கேட்டதையும் மட்டும் எழுது. வலப்பக்கம் தலை சொன்னதை எழுது, எவ்வளவு வெட்கக்கேடாக இருந்தாலும் அது சொன்ன மாதிரியே எழுது. எழுதும்போதே திருத்தாதே, உனக்கு நீ புத்தி சொல்லாதே. சில நாள் விட்டு மொத்தமாக வாசி. கொப்பி முடிந்ததும் அடுப்பில் போடு, அது ஒருவருக்கும் சாட்சி சொல்லப் பிறந்ததில்லை.

எழுத வெட்கமாகத்தான் இருந்தது. இந்த வயதில் டயரி எழுதுவதா என்று ஒரு பக்கம். எழுதினால் நடந்துவிடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். சாவு என்ற சொல்லை வலப்பக்கத்தில் எழுதப் போய்ப் பேனாவை மூடி வைத்த நாட்களும் உண்டு. வீட்டுக்கு வெளியே, பார்த்து முடித்த கையோடு, அடுத்த மூலையில் ஸ்கூட்டியை நிறுத்தி எழுதுவதென்று வைத்துக்கொண்டேன். பாதையில் போகிறவர்கள் மிஸ் கணக்கு எழுதுகிறா என்று நினைத்திருப்பார்கள்.

சில கிழமைக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்கு ஆண்கள் போன நேரம் ஓரிடத்தில் இருந்து மொத்தத்தையும் வாசித்தேன். இடப்பக்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு வேறாக இருந்தது. ஒருத்திக்குப் பசியில்லை, ஒருத்திக்கு மாமியோடு கோபம், ஒருத்தி பாவற்காய் மட்டும் கேட்கிறாள். வலப்பக்கம் எல்லா வீட்டுக்கும் ஒன்றாகவே இருந்தது. என்னைக் கூப்பிடுவார்கள். என் அட்டையைப் பார்ப்பார்கள். நான் இதை எப்படித் தாங்குவேன்? இந்த முறை என்னை விட மாட்டார்கள். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அந்தப் பெண்களில் ஒருத்தியைக் கூட அங்கே காணவில்லை. முழுக்க நான்தான் இருந்தேன்.

எனக்கு அழுகை வந்தது. தாய்மாருக்காகத்தான் இவ்வளவு பதறுகிறேன் என்று நினைத்திருந்தவள் நான். பதற்றம் எனக்காகத்தான் இருந்திருக்கிறது. அது பாவம் என்று சொல்லவில்லை, அடிபட்ட எந்த மனிசருக்கும் அப்படித்தான் வரும். ஆனால் அதைக் கண்ட பிறகு ஸ்கூட்டியைத் திருப்புவது குறைந்தது. நெஞ்சு இடிக்கும், எழுதுவேன், வலப்பக்கத்தைப் பார்ப்பேன், ஓ, நீயா என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். கொஞ்சம் கொஞ்சமாக வாசற்படியில் செருப்பு இருக்கும் வீடுகளில் ஆட்களும் இருக்கத் தொடங்கினார்கள். அந்தக் கலியாணவீட்டு ராத்தாவே தன் அடுத்த பிள்ளைக்கு என்னிடம்தான் வந்தாள், கொஞ்சம் முறைத்தபடி.

இதோடு முடித்தால் உங்களுக்கு நல்ல கதை. கொப்பி எழுதினாள், பயம் போயிற்று. ஆனால் நான் எழுதத் தொடங்கியது அடுத்ததைச் சொல்வதற்கு.

நோன்பும் சிறுபோக வெள்ளாமை வெட்டும் ஒன்றாக வந்த ஒரு வருடம். ஆண்கள் பாதிப் பேர் வயலில் நின்றார்கள். நான் பார்த்து வந்தவர்களில் றிஸ்வானா என்று ஒரு பிள்ளை. முதல் பிள்ளை வயிற்றிலேயே தவறியது, நெடுநாள் காத்திருந்து இது இரண்டாவது. எட்டாம் மாதம். புருஷன் நாவிதன்வெளிப் பக்கம் வெட்டு மெசினோடு நின்றான். வீட்டில் அவளும் உம்மாவும். வயிற்றுப் பிள்ளையோடு நோன்பு வேண்டாம், விட்டதைப் பிறகு பிடித்துக் கழாச் செய்யலாம் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தேன். தலையை ஆட்டியிருந்தாள்.

பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு வெயில் மோசம். றிஸ்வானா அடுப்படியில் நோன்பு திறக்க ஏதோ பொரித்துக்கொண்டிருந்தாள். நோன்பா என்று கேட்டேன். உம்மாவைப் பார்த்தாள். உம்மாதான், எத்தனை சொல்லியும் விடுகிறாள் இல்லை மிஸ் என்றார். தலையிடிக்கிறது என்றாள் றிஸ்வானா, காலையிலிருந்து.

"தேத்தண்ணி குடிக்காத தலையிடி மிஸ். இந்த மாசத்துல ஆருக்குத்தான் இடிக்கல்ல? எனக்கும்தான் இடிக்கிது" என்றார் உம்மா.

எனக்கும்தான் இடித்தது. நானும் நாளுக்கு நாலைந்து தரம் தேத்தண்ணி குடிப்பவள். நோன்பின் முதல் பாதி முழுக்கப் பின்னேரத்தில் நெற்றியைப் பிடித்துக்கொண்டுதான் திரிவேன். பிரஷர் பார்த்தேன். கூடுதல் என்று சொல்லும் எல்லையைத் தாண்டாமல்தான் நின்றது. நெஞ்சுக்குக் கீழே கையால் தேய்த்தாள். என்ன என்று கேட்டதற்கு, விடியுமுன் ஸஹருக்குச் சாப்பிட்டது எரிக்கிறது என்றாள். சட்டிக்கு மூடி போடப் போனவள் பக்கத்தில் வைத்தாள், அது நிலத்தில் விழுந்தது. உம்மா சிரித்தார், நோன்புக் களைப்பு என்றார். நானும் சிரித்தேன். நன்றாகப் படுங்கள், நாளைக்கு நோன்பு பிடிக்காதீர்கள், தலையிடி கூடினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

நோன்பு காலத்தில் தேத்தண்ணிக் கடைகள் பகலில் பூட்டிக் கிடக்கும். அந்த ஒழுங்கை முனையில் ஒரு கடை. அதன் முன்னால் கிடக்கும் மர வாங்குதான் அந்த மாதத்தில் என் மேசை. இருந்தேன். நெஞ்சு லேசாக இடித்தது. எனக்கு இப்போது அதைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. ஓ, நீயா என்று கேட்கத் தயாராக இருந்தேன். எழுதாமலே எழும்பப் பார்த்தேன். நேரம் போய்க்கொண்டிருந்தது, வீட்டில் கஞ்சி காய்ச்ச வேண்டும். ஆனாலும் பழக்கதோஷத்தில் நடுக்கோட்டைப் போட்டேன்.

இடப்பக்கத்தை எழுதினேன். காலையிலிருந்து தலையிடி. நெஞ்சுக்குக் கீழே எரிவு. போன கிளினிக்கில் இருந்த பிரஷரை விட இன்றைக்கு நன்றாக ஏறியிருக்கிறது, எல்லைக்குள் என்றாலும். மோதிரம் விரலில் இல்லை, கழுத்துச் சங்கிலியில் கோத்திருக்கிறாள். சட்டி மூடியைச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். நிலத்தில் விழுந்ததை எடுக்கக் கையால் வேறு இடத்தைத் தடவினாள்.

விரல் வீங்கிக் கழற்றிய மோதிரத்தையும், கண் தெரியாமல் தடவிய கையையும் எழுதும்வரை நான் நினைக்கவேயில்லை. கண் கண்டிருக்கிறது, எனக்குச் சொல்லவில்லை. வீட்டுக்குள் இருந்தபோது ஒவ்வொன்றுக்கும் நோன்பு பதில் சொல்லிவிட்டது. தலையிடிக்குத் தேத்தண்ணி, எரிவுக்கு ஸஹர்ச் சோறு, மூடிக்குக் களைப்பு. எங்கள் ஊரில் அந்த மாதத்தில் நோன்பு பதில் சொல்லாத நோய் கிடையாது. தனித்தனியாகக் கேட்டால் எல்லாம் சரியான பதில்தான். ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிய பிறகுதான் அவை சேர்ந்து வேறொன்றை, பிரஷர் ஏறி வலிப்பில் போய் முடியும் வருத்தத்தை, சொல்வது தெரிந்தது.

வலப்பக்கத்துக்கு வந்தேன். அங்கே என்னைக் கூப்பிடுவார்கள் என்று எழுத வரவில்லை. அட்டையைப் பார்ப்பார்கள் என்று வரவில்லை. தலை சொன்னதை அப்படியே எழுதினேன். வீட்டுக்குப் போ. மறுபடியும் திரும்பினால் சிரிப்பார்கள். கலியாணவீட்டுக் கதையை நோன்பிலும் சொல்வார்கள். உனக்கும்தானே தலையிடிக்கிறது.

அதை இரண்டு தரம் வாசித்தேன். இது பழைய பயம் இல்லை. பழைய பயம் திரும்பிப் போ என்று சொல்லும். இது போகாதே என்று சொல்கிறது. பயத்தை அடக்கப் பழகியவள் அதோடு சேர்த்து வேறொன்றையும் அடக்கப் பார்த்திருக்கிறேன். கொப்பியைப் பைக்குள் போட்டதும் ஸ்கூட்டியைத் திருப்பியதும் எனக்கு நினைவில்லை. திரும்பும்போது பள்ளிவாசலுக்குக் கஞ்சி வாங்கச் சட்டிகளோடு போகிறவர்கள் பாதை முழுக்க நின்றது மட்டும் நினைவிருக்கிறது. எல்லோரையும் தள்ளிவிட்டுப் போக வேண்டும் போல் இருந்தது.

உம்மா கேட்டைத் திறந்தார். முகம் மாறியது. என்ன மிஸ், பழையபடி தொடங்கிட்டீங்களா என்று கேட்டார். நான் உள்ளே போய்ப் பிரஷரை மறுபடி பார்த்தேன். இம்முறை எல்லையைத் தாண்டியிருந்தது. றிஸ்வானாவிடம், எதிரே சுவரில் தொங்கும் கலண்டரில் என்ன தெரிகிறது என்று கேட்டேன். கண்ணுக்குள் பூச்சி பறக்கிறது மிஸ் என்றாள். இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன்.

உம்மாவுக்கு விருப்பமில்லை. நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது, திறந்துவிட்டுப் போவோம், மருமகனும் வரட்டும் என்றார். மருமகனுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை, வெட்டு மெசின் சத்தத்தில் எங்கே கேட்கப் போகிறது? அந்த நேரம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். நோன்பு திறக்கும் பாங்கு சொல்லுமுன் ஓட்டோக்காரர் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், ஒழுங்கைகள் வெறிச்சோடிவிடும். இப்போது பிடிக்காவிட்டால் பிறகு நெடுநேரம் வாகனம் இல்லை. நான் உம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தபோதே என் காது பாங்கை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அனுபவித்ததில்லை.

உம்மாவை விட றிஸ்வானாதான் பிடிவாதமாக இருந்தாள். தண்ணீர் குடியுங்கள் என்று கொடுத்த கோப்பையைத் தள்ளினாள். நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்பது அவளுக்கும் தெரியும், மத்ரசாவில் ஓதின பிள்ளை. எனக்குக் கோபம் வந்தது. பிறகு பாண்டிருப்புக்காரி என்னிடம் கேட்டது ஞாபகம் வந்தது. அவள் பக்கத்தில் நிலத்தில் இருந்து அதையே கேட்டேன்.

"உங்கட தலைக்குள்ள என்ன ஓடுது மகள்?"

எனக்குக் கிட்டக் குனிந்தாள். பிறகு உம்மாவுக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னாள்.

"நான் நிய்யத்து வச்சன் மிஸ். இந்தப் புள்ளயத் தந்தா ஒரு நோன்பும் விடமாட்டன் எண்டு. இப்ப உட்டா எடுத்துருவான்."

இத்தனை நாளும் அவள் வலப்பக்கம் அங்கே இருந்திருக்கிறது, எழுதப்படாமல். என் கொப்பியில் இருந்ததும் இதுவும் ஒரே இனம். ஏதோ ஒன்றைத் தவறாமல் செய்துகொண்டிருந்தால் கெட்டது வராது என்று மனது போட்ட ஒப்பந்தம். நான் திரும்பித் திரும்பிப் பிரஷர் பார்த்தேன், அவள் பசியோடு இருந்தாள். அவளுக்கு மார்க்கம் சொல்லிக்கொடுக்க நான் ஆளில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அல்லாஹ் உங்களோட பேரம் பேசல்ல மகள். பயம்தான் பேசுது. அதுக்கு நீங்க ஒண்டும் குடுக்கத் தேவையில்ல."

அவள் என் முகத்தையே பார்த்தாள். கண் சரியாகத் தெரியாததால் அப்படிப் பார்த்தாளோ என்னவோ. பிறகு கோப்பையை வாங்கிக் குடித்தாள். உம்மா அதைப் பார்த்துவிட்டு, புறப்பட முந்தானையைத் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டார். கஞ்சி எடுத்துக்கொண்டு திரும்பிய ஒரு ஓட்டோக்காரரைப் பாதையில் நின்று மறித்தேன். அவர் சட்டியை யார் வீட்டிலோ இறக்கி வைத்துவிட்டு எங்களை ஏற்றினார்.

ஆஸ்பத்திரி வார்டில் கட்டிலில் ஏற்றி அதிக நேரம் ஆகவில்லை, அவளுக்கு வலிப்பு வந்தது. மருந்தும் ஆட்களும் பக்கத்தில் இருந்தார்கள். வீட்டில் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாங்கு சொன்னபோது நானும் உம்மாவும் வெளியே விறாந்தையில் நின்றோம். யாரோ ஒரு தாதி எங்கள் இருவருக்கும் பேரீச்சம்பழம் தந்தார். உம்மா தன்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். வாயில் போடுங்கள் ராத்தா என்று நான்தான் சொன்னேன். எனக்கும் இறங்கவில்லை. அவள் வெளிவருவாளா, பிள்ளை வெளிவருமா என்பது தவிர எனக்குள் அப்போது வேறொன்றும் இல்லை. பிறகு போனைப் பார்த்துவிட்டு வெட்டுத் தூசியோடு புருஷன் ஓடி வந்து சேர்ந்தபோது அவளை ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

இருவரும் பிழைத்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். பிள்ளை உள்ளங்கை அளவுதான், கண்ணாடிப் பெட்டிக்குள் பல நாள் இருந்தது. இப்போது அது தெருவில் சைக்கிள் ஓடுகிறது, என் கேட்டில் வந்து மோதுகிறது.

நான் அன்றைக்குச் செய்தது கெட்டித்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுதாமல் எழும்பிப் போயிருப்பேன், அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. கொப்பி பயத்தை விரட்டும் மருந்தில்லை. பயம் வந்தால் அது யாருக்காக வந்திருக்கிறது என்று கேட்கும் இடம் அது. பயம் வராவிட்டால் ஏன் வரவில்லை என்றும் கேட்க வேண்டும். அந்த இரண்டாவது கேள்வியை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் களைத்திருக்கும் நாளில், அந்தத் தாய்க்கு இருக்கும் அதே நோவு உங்களுக்கும் இருக்கும் நாளில், கட்டாயம் கேளுங்கள். போனில் எழுதுங்கள், ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதுங்கள், எனக்குக் கவலையில்லை. நடுக்கோடு மட்டும் இருக்கட்டும்.

மறுநாள் வேலைக்குப் போனேன். நாலைந்து வீடு தள்ளி இன்னொரு புள்ளத்தாச்சி. அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஒழுங்கை முனைக்கு வந்ததும் நெஞ்சு இடித்தது, முந்திய நாள் அங்கே இடித்ததை விடக் கூடுதலாக. வாங்கில் இருந்து எழுதினேன். இடப்பக்கம் இரண்டு வரியில் முடிந்தது. வலப்பக்கம் நிரம்பி வழிந்தது, முழுக்க நான். கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தேன். ஸ்கூட்டியைத் திருப்பவில்லை, வீட்டுக்கு வந்தேன். றிஸ்வானா வீட்டுக்குத் திரும்பிப் போனதை விட அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. போனைச் சமையலறை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் நோன்பு திறந்தேன்.

அடுத்த கிளினிக்குக்கு அந்தப் பெண் சிரித்துக்கொண்டு வந்தாள். என்ன மிஸ், இந்த முறை என்னைப் பார்க்கத் திரும்பி வரவில்லையே என்று கேட்டாள். நீங்கள் சுகமாகத்தானே இருந்தீர்கள் என்று நானும் சிரித்தேன். பட்டியைச் சுற்றிப் பிரஷரைப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அட்டையில் எழுதப் பேனாவை எடுத்த கை, அதைக் கீழே வைத்துவிட்டு, பட்டியை இன்னொரு தரம் சுற்றியது.